கல்லுத்துறைக்கு வடக்கே

சென்ற கிழமை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பாலத்தில் நின்று எடுத்ததாம். கலங்கிய தண்ணீர், இரண்டு கரையிலும் உப்புச் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றை, ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு தோணி. நம் ஓடை. கீழே பத்துப் பன்னிரண்டு இதயங்கள் விழுந்திருந்தன. அவற்றுக்கும் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: "படம் கீறி வித்தவட ஓடை." படம் வரைந்து விற்றவளின் ஓடையாம்.

எழுதியவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரும் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்தான். நாம் ஓடையைக் கடந்த அன்றைக்கு அவர் வீட்டிலும் ஒரு சாவு விழுந்தது. அந்த வரியைப் பார்த்துவிட்டு ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். சோறு வைத்தேன், உடுப்புக் காயப்போட்டேன், மகனைப் பள்ளியில் இருந்து கூட்டிவந்தேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. எனக்கு வகிட்டில் நரை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் அந்த ஓடைக்குக் குளிக்கப் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஒரு வரி அவர்கள் வாய்க்கும் போய்ச் சேருவதற்கு முன் நான் பேசியாக வேண்டும்.

முதலில் ஓடையைச் சொல்கிறேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு மறந்திருக்கும். வாகரைப் பக்கத்து ஆட்கள் என்றால் எல்லோரும் கடலைத்தான் நினைப்பார்கள். நமக்கு முன்னால் கடல், பின்னால் ஓடை. மேற்கே காட்டுக்குள் ஒரு வில்லு இருக்கிறது, பெரிய சதுப்புக் குட்டை. மாரி மழையில் அது நிரம்பி வழிகிற இடத்தில் ஓடை பிறக்கிறது. அங்கே அதைத் தாண்டிக் குதிக்கலாம். பிறகு வயல் வட்டைக்கு நடுவே கிழக்கு நோக்கி வந்து, நம் ஊர் இருக்கிற மணல்மேட்டில் முட்டும். நேரே கடலுக்குப் போக வழி இல்லை. கிறவல் றோட்டுப் பாலத்துக்குக் கீழே நுழைந்து வடக்கே திரும்பும். ஊரை ஒரு பக்கமும் வட்டையை மறுபக்கமும் வைத்துக்கொண்டு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், போய், கண்ணாக் காட்டுக்குள் அகன்று, ஆற்றில் விழும். ஆறு என்று நாம் சொல்வது வாவியின் ஒரு கை. அது முகத்துவாரத்தில் கடலைத் தொடும். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரியில் ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள்.

பாலத்தை விட்டால் ஓடையை நடந்து கடக்க அப்போது ஒரே ஒரு நல்ல இடம்தான் இருந்தது. மருதமரத்துக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு பாறை அகலமாகப் படுத்துக்கிடக்கும். கல்லுத்துறை. மாடுகளையும் அங்கேதான் இறக்குவார்கள். அதற்கு மேலேயும் கீழேயும் சேறு. கால் வைத்தால் இடுப்பு வரைக்கும் உள்ளே போகும்.

இதையெல்லாம் எனக்குக் கணக்காகத் தெரிய வைத்தவள் அக்கா. என் பெரியம்மாவின் மகள். நம் ஊரில் இருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண். கடைசி வருடத்தில் ஒரு ஆய்வு எழுத வேண்டும் என்றும், உன் கால் எட்டும் தூரத்தில் இருக்கிற எதையாவது எடு என்றும் அங்கே சொன்னார்களாம். அவள் ஓடையை எடுத்தாள். ஒரு சிற்றோடையின் புவியியல். அதைக் கேட்டு ஊரில் பலர் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

"ஓடையில என்னகா இரிக்கி எழுதுறதுக்கு? தண்ணி மேல இருந்து கீழ போகும். முடிஞ்சுது."

"எல்லா நேரமும் அப்பிடிப் போகாது சித்தப்பா" என்றாள் அக்கா.

சுனாமி வந்த வருடத்தின் ஆவணி விடுமுறையில் தொடங்கினாள். கயிறு பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒன்று நான். மற்றவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். முன்வாங்கில் இடது ஓரத்தில் இருந்தவள், வகுப்பில் எல்லோரையும் விட உயரம் குறைந்தவள், வாயாடி. பெயர் எழுத எனக்குக் கை வரவில்லை. தோழி என்றே எழுதுகிறேன்.

ஒரு மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிற்றை நான் இக்கரையில் பிடிக்க, அக்கா மறுமுனையோடு அக்கரைக்கு நீந்துவாள். மூங்கில் கம்பில் சிவப்பும் வெள்ளையுமாக மை பூசி ஆழம் பார்ப்பாள். ஓட்டத்தின் வேகத்துக்கு ஒரு குரும்பட்டியை, உதிர்ந்த தென்னம்பிஞ்சை, தண்ணீரில் போட்டுவிட்டு, அது மிதந்துபோக, தோழி கரையோடு ஓடிக்கொண்டே ஒன்று இரண்டு என்று கத்துவாள். அக்காவின் கையில் மணிக்கூடு இருந்தது. ஆனாலும் தோழியை எண்ணவிட்டாள். அவளுக்கு அது பிடிக்கும்.

உப்புப் பார்ப்பதும் தோழியின் வேலைதான். பல்கலைக்கழகம் கொடுத்த கருவி முதல் நாளே பழுதாகிவிட்டது. ஐம்பது முடிச்சுக்கு ஒரு தடவை அவள் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கை நனைப்பாள். "இஞ்ச உப்பு." இன்னும் கொஞ்சம் நடப்போம். "இஞ்சயும் உப்பு." மருதமரம் வரும். "இஞ்ச இல்ல." அக்கா கொப்பியில் குறிப்பாள். கோடையில் வாவி உப்பு கல்லுத்துறை வரைக்கும் ஏறி வருகிறது, மாரியில் ஆற்று வாய்க்கே இறங்கிவிடுகிறது. இப்படித்தான் கண்டுபிடித்தாள். கண்ணாப் பற்றைக்குள் அழுகல் இலை நாற்றம். வெயிலில் சேறு வெடித்து, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் ஒரு நண்டு. சிவந்து உதிர்ந்த தில்லை இலையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கி நான் ஒரு நாள் முழுக்கக் கண் திறக்க முடியாமல் கிடந்தேன். இப்போது நினைத்தால், அந்த நாலு மாதம்தான் நான் சின்னப்பிள்ளையாக இருந்த கடைசி நாலு மாதம்.

சிரித்த அப்பா பிறகு தோணியைக் கொண்டுவந்தார். நடந்துபோக முடியாத கண்ணாக் காட்டுக்குள் எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். வரைபடம் மார்கழியில் முடிந்தது. பெரியம்மா வீட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்று இடங்களின் பெயரை என்னை எழுதச் சொன்னாள். கல்லுத்துறை என்று எழுதியது நான்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை.

கடல் வருகிறது என்ற சத்தம் கேட்டு நாம் எல்லோரும் எந்தப் பக்கம் ஓடினோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். மேற்கே. கடலுக்கு எதிர்ப்பக்கம். அம்மா என் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அவனுக்கு நாலு வயது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடைக்கரையை அடைந்ததும் அப்பா நின்றார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தம்பியைக் கீழே இறக்கினாள்.

"இதில நில்லுங்க" என்றார் அப்பா. "இவ்வளவு தூரம் வராது. நான் போய்க் கிழவியள ஆரும் விட்டிட்டு வந்தா தூக்கிற்று வாறன்."

நாங்கள் நின்றோம். கடல் வந்தால் முன்னால் இருந்து வரும் என்று எல்லோரும் ஊரின் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களோடு ஓடிவந்த தோழி மட்டும் ஓடையைப் பார்த்தாள்.

"ஓடை கிறுகி ஓடுது" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். மருத இலைகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. வடக்கே போக வேண்டியவை. முகத்துவாரம் வெட்டித் திறந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கடல் அந்த வாயால் ஆற்றுக்குள் புகுந்து, ஆற்றில் இருந்து ஓடைக்குள் ஏறி, எங்கள் முதுகுப் பக்கமாக வந்தது. அலை இல்லை. கரை இருந்த இடத்தில் கரை இல்லை, அவ்வளவுதான். நான் ஒரு பனையைக் கட்டிப்பிடித்தேன். அம்மாவை யாரோ தலைமுடியில் பிடித்து இழுத்தார்கள். தம்பியை யாரும் பிடிக்கவில்லை.

அவன் கிடைக்கவே இல்லை. அப்பா ஆறு மாதம் தேடினார். முகாமில் இருந்து காலையில் வெளிக்கிட்டு ஓடைக்குப் போவார், பின்னேரம் சேற்றோடு வருவார். ஓடை ஆள் மாறிக் கிடந்தது. கல்லுத்துறைப் பாறைக்கு மேல் கடல் மண் கொட்டி, அதற்கு மேல் சேறு படிந்து, அங்கே இறங்கினால் ஆளை விழுங்கும். மருதமரம் உப்பேறி நின்றபடியே பட்டுவிட்டது. வடக்கே, கண்ணாக் காடு தொடங்குகிற இடத்தில், முன்பு தோணி இல்லாமல் போக முடியாத இடத்தில், புதிதாக ஒரு மணல் திட்டு எழும்பியிருந்தது. அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கடக்கலாம். அப்பா தம்பியைத் தேடி ஒவ்வொரு அடியாகக் காலால் துழாவியபோது அகப்பட்ட இடம் அது. சில நாட்கள் அக்காவும் அவரோடு போவாள். கம்பு கொண்டு போகமாட்டாள். வெறுமனே பின்னால் நடப்பாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருக்கிற உங்களில் யாருக்கும் இது தெரியாது.

முகாமுக்கு ஒரு நிவாரணக்காரர் வருவார். பிள்ளைகளுக்குக் கலர்ப் பென்சில் கொடுத்து, மனதில் இருக்கிறதைக் கீறுங்கள் என்பார். நீங்கள் எல்லோரும் அலை கீறினீர்கள். நான் ஓடையைக் கீறினேன். அக்காவின் படத்தை நான் கண்ணை மூடிக்கொண்டே கீறுவேன். வில்லு, வட்டை, பாலம், கல்லுத்துறை, கண்ணாக் காடு, எல்லாவற்றுக்கும் பெயர் எழுதினேன். கல்லுத்துறைக்குப் பக்கத்தில் "இங்கே நடந்து கடக்கலாம்" என்றும் எழுதினேன். அவர் அதை நீண்ட நேரம் பார்த்தார். கூட வந்தவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். என் தலையைத் தடவிவிட்டு, அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு வருடம் கழித்து, மாரி மழைக்குள், சண்டை நம்மைச் சுற்றி வந்துவிட்டது. றோட்டால் போக முடியாது. காட்டுக்குள் இறங்கி மேற்கே போனால்தான் உயிர் என்றார்கள். அதற்கு ஓடையைக் கடக்க வேண்டும். பாலத்துப் பக்கம் யாரும் தலை காட்ட முடியாது. கல்லுத்துறை இல்லை. கடக்கிற இடத்தைக் காலால் துழாவி அறிந்தவர் என் அப்பா ஒருவர்தான். நம் ஊர்ச் சனம் அவருக்குப் பின்னால் வந்தது.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். மழைத் தண்ணீர் ஏறி மார்பளவு நின்றது. கரையில் அப்பாவும் அக்காவும் கொஞ்ச நேரம் தள்ளி நின்று கதைத்தார்கள். அக்கா கையை மேற்கே நீட்டி நீட்டிச் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். நான் தூரத்தில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அப்பா வந்து எல்லோரிடமும் சொன்னார்: "விடியட்டும். வெளிச்சத்தில கடப்பம்." தறப்பாளைப் பற்றைக்கு மேல் போட்டு நனைந்துகொண்டு இருந்தோம்.

விடிந்ததும் அக்காதான் முதலில் கயிற்றோடு அக்கரை போனாள். கயிற்றை ஒரு மரத்தில் கட்டினாள். அப்பா நடுவில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கை மாற்றினார். தோழி அக்கரைக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா மூட்டைகளோடு இக்கரையில் நின்றார். நானும் அம்மாவும் இக்கரையில்தான் நின்றோம். நன்றாக வெயில் வந்துவிட்டது. பாதிச் சனம் இன்னும் இக்கரையில்.

அப்போதுதான் ஷெல் விழுந்தது. முதலாவது அக்கரையில். இரண்டாவது தண்ணீரில், அப்பா நின்ற இடத்தில். அதற்குப் பிறகு எத்தனை என்று எனக்குத் தெரியாது. நானும் அம்மாவும் எப்படிக் கடந்தோம் என்பதும் தெரியாது. காட்டுக்குள் ஓடிய பிறகு அம்மாவின் கையில் அறுந்த கயிற்றுத் துண்டு இருந்தது.

அந்தக் கரைக்கு யாரும் திரும்பிப் போக முடியவில்லை. மாதங்கள் கழித்து மீளக்குடியேறியபோது அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. தோழியின் அம்மாவிடம் யாரோ சொன்னார்கள், மகள் ஓடையோடு போயிற்றாள் என்று. அவர் அதையே நம்பினார்.

வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு முகாமில் தறப்பாள் கூடாரங்களில் இருந்தோம். சனத்துக்கு ஒரே கேள்வி. காட்டுக்குள், பற்றைக்குள், இவ்வளவு சரியாக அந்த இடத்துக்கு ஷெல் எப்படி வந்தது? யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஓடையை அடி அடியாக அளந்து படம் கீறினவள் ஒருத்தி இருக்கிறாளே, அதை வித்திருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு எங்கள் கூடாரத்துக்கும் வந்தது. அன்று பின்னேரம் தண்ணீர் பவுசர் வரிசையில் அக்கா நின்றாள். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீ கீறின கோட்டிலதான் என்ட மனிசன் செத்தவர்" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. அது எல்லோருக்கும் கேட்டது.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தோழியின் அம்மா பக்கத்தில் நின்றார். அக்காவின் காலடியில் துப்பினார்.

நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவின் படம் சுனாமியோடு பெரியம்மா வீட்டுச் சுவரோடேயே போனது. எனக்கு அது தெரியும். வெளியே போன படம் ஒன்றே ஒன்றுதான். அது என் உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. எனக்குப் பதினாலு வயது. நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு சொல்லாமல் இருப்பது பழகிவிட்டது.

அக்கா ஆய்வை ஒப்படைக்கவில்லை. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆரையம்பதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காவும் தங்கையுமாகப் பிறந்த பெரியம்மாவும் அம்மாவும் அதற்குப் பிறகு கதைக்கவே இல்லை. பெரியம்மா செத்தபோதும் அம்மா போகவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்காது. தூங்கினால் ஒரு பைக்குள் நாலாக மடித்த கடதாசி ஒன்று தானாக விரியும். அப்பாவை நான்தான் கொன்றேன் என்று உறுதியாக நம்பினேன். உங்களோடு விளையாட வராமல் விட்டது அதனால்தான். பெருமை பிடித்தவள் என்று நினைத்தீர்கள்.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன வருடம். பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். நம் ஊரில் யாரும் வெளியே வந்து ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவிடம் ரியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் போனேன். கொழும்பு பஸ்சுக்காக ஒரு சிவப்புப் பையோடு வாங்கில் இருந்தாள். மெலிந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். நிவாரணக்காரர், கலர்ப் பென்சில், "இங்கே நடந்து கடக்கலாம்."

அவள் கேட்டு முடித்துவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதையா புள்ள இவ்வளவு நாளும் வச்சுக்கொண்டு திரிஞ்சநீ?"

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"நீ கீறின படத்தில துறை எங்க இரிக்கி?"

"கல்லுத்துறையில. மருதமரத்துக்குக் கீழ."

"நாங்க கடந்தது எங்க?"

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"கல்லுத்துறைக்கு வடக்க முக்கால் கட்டை" என்றாள். "நான் கீறினாலும் நீ கீறினாலும், அந்தப் படத்தில இருந்த ஓடை கடல் வந்த அண்டைக்கே இல்லாமப் போச்சு. அதை வச்சு அந்த இடத்த ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாது. அந்தத் திட்டு எந்தப் படத்திலயும் இல்ல."

"அப்ப ஷெல் எப்பிடி வந்த?"

"வெயில் வந்த பிறகும் அவ்வளவு சனம் வெட்டை வெளியில நிண்டம். தூரத்தில இருந்து பாக்கிறவனுக்குப் படம் தேவையில்ல."

பஸ் ஒன்று வந்து போனது. அது அவளுடைய பஸ் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். முதல் நாள் பின்னேரம் போய்ச் சேர்ந்த உடனேயே கடந்துவிடுவோம் என்று அவள் அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறாள். மேற்கே காட்டில் மழை பெய்கிறது, தண்ணீர் வடியாது, காத்திருந்து பயன் இல்லை என்று. அப்பா கேட்கவில்லை.

"சித்தப்பா என்ன சொன்னவர் தெரியுமா? 'ஒரு புள்ளய இந்த ஓடைக்குக் குடுத்திட்டன். இருட்டுப்படுற நேரத்தில இன்னொரு புள்ளய இதுக்க இறக்க மாட்டன்.' மறுகா நான் என்னத்தச் சொல்ல?"

"இத ஏன் நீங்க முகாமில சொல்லல்ல?"

"சொன்னா என்ன நடக்கும்? படம் இல்லயெண்டா, விடியும் வரைக்கும் நிப்பாட்டி வச்சவர் ஆரெண்டு கேப்பாங்க. புள்ளய இழந்த சனம் முழுக்கச் சின்னம்மாட வாசலுக்கு வரும். அவ மகனையும் குடுத்திட்டா, மனிசனையும் குடுத்திட்டா. என்னை ஏசினா எனக்கு என்ன? நான் போயிருவன்."

அம்மா உயிரோடு இருக்கும் வரை சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். பஸ் வந்தது. போய்விட்டாள்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அது நல்ல காரியம் என்று பல வருடம் நினைத்தேன். என் மேல் இருந்த பாரம் போய்விட்டது, உண்மைதான். அதை அவள் சுமந்துகொண்டு ஒரு பாலைவன நாட்டில் யார் வீட்டுத் தரையையோ துடைத்தாள். அம்மா ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திதியில் அக்காவைச் சபித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவாள். நான் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றுவேன். எனக்கு மகன் பிறந்த பிறகு அப்பாவை எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. நானாக இருந்தாலும் விடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். நீங்கள் சிலர் ஃபோன் எடுத்தீர்கள். அக்கா நாட்டுக்குத் திரும்பி ஆரையம்பதியில் இருப்பது எனக்குத் தெரியும். சொல்லி அனுப்பினேன். வந்தாள். பந்தலுக்கு வெளியே, படலைக்கு அந்தப் பக்கத்தில், குடை பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. பெண்கள் பாயில் இருந்து அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். தோழியின் அம்மா முன்னால் இருந்தார். முதுகை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னேன். வெளியே போன படம் நான் கீறியது என்றேன். அந்தப் படத்தில் நாம் கடந்த இடம் இல்லை என்றேன். முதல் நாளே கடப்போம் என்று அக்கா கெஞ்சியதையும், விடியட்டும் என்று நிறுத்தியது என் அப்பா என்பதையும் சொன்னேன். தம்பியை இழந்த பயத்தில் சொன்னார் என்பதையும் சொன்னேன். ஆண்கள் பக்கத்தில் யாரோ செருமினார்கள். பறை அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் எழுந்து பந்தலை விட்டு வெளியே போனார். அவருடைய இரண்டு பிள்ளைகள் அன்றைக்குப் போனவர்கள். அவர் திரும்பி வரவில்லை. நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

தோழியின் அம்மா இன்னும் திரும்பவில்லை. யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"நீ அக்கரையிலதானே நிண்டநீ?"

"ஓம் மாமி" என்றாள் அக்கா.

"என்ட மகள் தண்ணிக்குள்ளயா போனவள்?"

பதினெட்டு வருடம் அந்தப் பெண் அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளின் காலடியில் துப்பிவிட்டுப் போனவர். அக்கா குடையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தாள்.

"இல்ல மாமி. அவள் கரையேறி, மேட்டில என்ட பக்கத்தில வெயிலுக்க இரிந்தவள். சட்டையப் பிழிஞ்சு விட்டிட்டன். உங்களைப் பாத்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தவள். முதல் ஷெல் அங்கதான் விழுந்த. என்ட மடியிலதான் போனவள், ஒரு சத்தமும் போடல்ல. அங்கயே ஒரு வீரை மரத்துக்குக் கீழ, என்ட தாவணியால மூடிவிட்டிட்டுத்தான் நான் ஓடினனான்."

"தண்ணி குடிக்கல்லயா அவள்?"

"இல்ல மாமி. கால் கூடக் காஞ்சிருந்த."

அவர் தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார். பிறகு பாயில் கொஞ்சம் தள்ளி, பக்கத்தில் இடம் விட்டு, கையால் தட்டினார்.

"இரி புள்ள" என்றார்.